சாவியை வைத்துக்கொண்டு கொடுத்த லெப்டொப்

தகவல் தொழினுட்பம் படிப்பிக்க நமது கரையோரப் பாடசாலைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஒரு விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் படிப்பிப்பது உங்கள் வேலையில் பாதிதான். மற்றப் பாதி, ஊரில் யார் கம்பியூட்டர் வாங்கினாலும் உங்களைக் கூப்பிட்டு "இது நல்லதா?" என்று கேட்பார்கள். கல்யாண வீட்டில் சோறு தின்ன உட்கார்ந்தால் கேட்பார்கள். ஆள் மௌத்தாகி அழுதுகொண்டிருக்கும் வீட்டில்கூட என்னை ஓரமாக அழைத்துக் கேட்டிருக்கிறார்கள். கல்முனையில் பெண் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி மட்டும் எனக்கு ஓய்வு தரவில்லை.

இப்போது அதிகம் வருவது அந்த லேசான லெப்டொப்பைப் பற்றிய கேள்வி. இணைய உலாவியை மட்டும் நம்பி ஓடுகிற லெப்டொப். திறந்த கையோடு வேலை செய்யும். கையில் தூக்கினால் ஒரு கொப்பியைத் தூக்கின மாதிரி இருக்கும். பற்றரி நாள் முழுக்கப் போகும். வைரஸ் வந்துவிட்டது என்று யாரும் அழுதுகொண்டு வரமாட்டார்கள். ஆனால் எழுதுவது, படிப்பது, கணக்குப் போடுவது, வீடியோவில் கதைப்பது எல்லாம் இணையத்தின் வழியாகத்தான் நடக்கும். மற்ற லெப்டொப்பில் போடுகிற பெரிய மென்பொருட்களை இதில் போட முடியாது. டேட்டா முடிந்தால் முக்கால்வாசி வேலை நின்றுவிடும்.

நான் அதற்கு எதிரி இல்லை. இதை எழுதுவதே அப்படியான ஒன்றில்தான். என் வயதுக்கும் என் தோளுக்கும் இதைவிட நல்லதைக் காணவில்லை. அதனால் "டீச்சர் பழைய ஆள், புதுச் சாமான் பிடிக்காது" என்று யாரும் சிரிக்க வேண்டாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது வேறொன்றுக்கு. வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் விலையைச் சொல்வார்கள், நிறத்தைச் சொல்வார்கள், மச்சான் கட்டாரில் இருந்து என்ன சொன்னார் என்றும் சொல்வார்கள். யார் அதைப் பாவிக்கப் போகிறார், என்ன வேலைக்கு என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். நீங்களாகக் கேட்டால், இது என்ன குறுக்கு விசாரணை என்பது போலப் பார்ப்பார்கள்.

எங்கள் பகுதிப் பள்ளிவாசலில் ஒரு ஸகாத் நிதியம் இருக்கிறது. ஊர்க் கடைக்காரர்களும் வெளிநாட்டில் உழைக்கிற நம் பிள்ளைகளும் ஏழைகளுக்கென்று கடமையாகக் கொடுப்பதைச் சேர்த்து, கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு ஏதாவது செய்வார்கள். தையல் மெசின், தோணி திருத்தம், வீட்டுக்குக் கூரை என்று நல்ல காரியங்கள் நிறைய நடந்திருக்கின்றன. அதன் தலைவர் ஒரு ஹாஜியார். பசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நோன்பு காலத்தில் வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி ஸகாத் சேர்க்கிறவர் அவர். ஒரு சதம் அங்கே இங்கே போனதில்லை. அப்படிப்பட்டவர் செய்ததனால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூட.

ஒரு வருசம், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, கம்பஸ் கிடைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு லெப்டொப் கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். அருமையான முடிவு. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் எனக்குப் போன் எடுத்தார்.

"டீச்சர், சாமான் வந்திரிக்கி. ஒருக்கா வந்து பாத்து, நல்லம் எண்டு சொல்லிட்டுப் போங்களன். நாளைக்கு அஸருக்குப் பொறகு விழா. நீங்க மைக்குல ரெண்டு வார்த்தை சொன்னாச் சனம் நம்பும்."

கவனியுங்கள். சாமான் வந்துவிட்டது. விழாவுக்கு நேரம் வைத்தாயிற்று. பெனர் அடித்தாயிற்று. வெளியூரிலிருந்து ஒரு பெரிய மனுசரும் வருகிறார். இப்போது நான் போய் "நல்லம்" என்று சொல்ல வேண்டும். நம்மிடம் ஆலோசனை கேட்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். எடுத்து முடித்த முடிவுக்குத் தலையாட்ட ஒரு படித்த தலை தேடுவார்கள், அவ்வளவுதான்.

போனேன். பள்ளிவாசல் மண்டபத்தில் பத்துப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெட்டியில் இருந்த பெயரைப் பார்த்ததும் விளங்கிவிட்டது, எல்லாம் அந்த லேசான இனம். ஒன்றைத் திறந்து போட்டேன். திரையின் அடியில் ஒரு வரி வந்தது: இந்த லெப்டொப் எங்கள் நிதியத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று. நான் திடுக்கிட்டுப் போனேன்.

ஹாஜியார் பெருமையோடு விளக்கினார். கொழும்பிலிருந்து வந்த விற்பனைக்காரர் செய்து கொடுத்தாராம். நிதியம் அனுமதித்த பக்கங்கள் மட்டும்தான் திறக்கும். அனுமதித்ததைத் தவிர வேறொன்றும் போட முடியாது. பிள்ளை தப்பாகப் பாவித்தால் இங்கே இருந்துகொண்டே பூட்டிவிடலாம். அழித்துப் புதிதாக்கினாலும் திரும்ப நிதியத்தின் பெயர்தான் வரும்.

"புள்ளையள் கண்ட கண்டதையும் பாத்துக் கெட்டுப் போகக் கூடாது பாருங்க," என்றார். "பொம்புளப் புள்ளையளும் இரிக்காங்க."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. இந்தப் பிள்ளைகள் ஏ.எல். பரீட்சை எழுதி, மாவட்டத்தில் போட்டி போட்டு, கம்பஸ் வாங்கின பிள்ளைகள். அவர்கள் கெட்டுப் போவார்கள் என்று நினைக்க இவருக்கு என்ன ஆதாரம்? வீட்டில் சல்லி இல்லை என்பது ஒன்றுதான் ஆதாரம். வசதியான வீட்டுப் பிள்ளையின் லெப்டொப்புக்கு யார் பூட்டுப் போட்டார்கள்?

ஆனாலும் வாயை அடக்கிக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டேன். "எந்தெந்தப் புள்ளைக்கு எந்தப் படிப்புக் கிடைச்சிரிக்கி ஹாஜியார்?"

"எல்லாருக்கும் கம்பஸ்தான் டீச்சர்."

"கம்பஸ் சரி. என்ன படிப்பு?"

அவருக்குத் தெரியவில்லை. பெயர்கள் மட்டும் இருந்தன. அந்தப் பெயர்களில் ஒன்று ஹஸ்னா. கல்முனைக்குடிப் பிள்ளை, என்னிடம் படித்தவள். வாப்பா மற்றவர்களின் கரைவலையில் பங்குக்கு மீன் இழுக்கப் போகிறவர். அவளுக்குக் கிடைத்தது கட்டடப் பொறியியல். முதல் தவணையிலிருந்தே கட்டட வரைபடம் கீறி ஒப்படைக்க வேண்டும். அதற்கான மென்பொருள் பெரியது, லெப்டொப்பிலேயே போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். இந்த லெப்டொப்பில் அது ஏறவே ஏறாது, பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இதைச் சொன்னேன். ஹாஜியார் பெட்டிகளைக் காட்டி, என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியாத அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஸகாத் எடுக்கிற புள்ளைக்கு இது போதாதா டீச்சர்?"

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹாஜியாரின் மகனும் பொறியியல்தான் படிக்கிறார், மலேசியாவில். அவருக்கு லெப்டொப் தெரிவு செய்து கொடுத்தது நான்தான். அப்போது ஹாஜியார் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, மகனையும் பக்கத்தில் இருத்தி, "என்ன படிப்பு, என்ன மென்பொருள், எவ்வளவு பெரிய திரை வேணும், எல்லாம் கேட்டுச் சொல்லுங்க டீச்சர், பொறகு அவன் அங்க போய்க் கஷ்டப்படக் கூடாது" என்றார். தேத்தண்ணி ஆறிப் போகும் வரை கதைத்தோம். அந்தப் பிள்ளைக்கு வாங்குவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். இந்தப் பிள்ளைகளுக்கு வாங்கி அடுக்கிய பிறகு கூப்பிட்டார். என் கோபம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "அது என்ட சொந்தச் சல்லி, டீச்சர். இது பொதுச் சல்லி. பாத்துத்தான் செலவழிக்கணும்," என்றார். நியாயம் போலத்தான் இருந்தது. ஆனால் பாவிக்க முடியாததை வாங்குவதற்குச் சிக்கனம் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியாது. விற்பனைக்காரர் திரும்ப எடுக்கமாட்டாராம். நிதியத்தின் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு ஓர் உதவிதான். ஹஸ்னா இதை வாங்கினால் அவளுக்கு உரியது முடிந்தது, இனி வேறொன்று கேட்க முடியாது. வாங்காவிட்டால், கொடுத்ததை உதறின குடும்பம் என்று ஊரே கதைக்கும். அவளுடைய வாப்பாவால் இன்னொரு லெப்டொப் வாங்க முடியுமென்றால் ஸகாத்துக்கு ஏன் வருகிறார்?

இந்த இடத்தில்தான் நமக்கு நிதானம் வேண்டும். கோபத்தில் எனக்கு முதலில் தோன்றியது, முகநூலில் எழுதி நாறடித்துவிடலாம் என்று. அப்படிச் செய்திருந்தால் ஹாஜியார் ஒரு நாள் வெட்கப்பட்டிருப்பார். அந்தப் பத்துப் பிள்ளைகளும் ஸகாத் எடுத்த பிள்ளைகள் என்று நாட்டுக்கே தெரிந்திருக்கும். எடுக்கிறவரின் மானத்தை விற்றுக் கொடுக்கிறவருக்குப் பாடம் படிப்பிக்க வேண்டாம். இரண்டாவது, நானே தொண்டை கிழியக் கத்தியும் பிரயோசனம் இல்லை. அந்த அறையில் எல்லோரும் அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். ஒரு பிள்ளைகூட அங்கே இல்லை. ஹஸ்னாவுக்குப் போன் எடுத்து, உம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

அவர்கள் வந்தபோது அஸர் தொழுகை முடிந்திருந்தது. பள்ளிவாசல் மௌலவியும் மண்டபத்துக்கு வந்துவிட்டார். இளம் ஆள், அமைதியானவர், அந்த நிதியத்தில் அவரும் ஓர் உறுப்பினர். நான் ஹஸ்னாவிடம் லெப்டொப்பைக் காட்டி, உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அதைத் திறந்து மூடிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஹாஜியார், ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே?" என்றாள். "இத எனக்குத் தந்த பொறகு, நான் வித்துப்போட்டு, அந்தச் சல்லிக்கு எனக்குச் சரிவாற பழைய லெப்டொப் ஒண்டு வாங்கலாமா?"

உம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாய மூடு புள்ள. தாறத வாங்கு."

"ஸகாத் சாமான விக்கிறதா!" ஹாஜியார் எழும்பிவிட்டார். "நாங்க படிக்கச் சொல்லித் தாறம், நீ யாவாரம் செய்யப் போறியா? இதுக்குத்தான் டீச்சர் பூட்டுப் போட்டது. வித்தாலும் வாங்கினவன் திறக்க ஏலாது."

ஹஸ்னா மௌலவியைப் பார்த்தாள். "அப்ப இது என்டதா, நிதியத்துடதா மௌலவி? எனக்கு அத மட்டும் சொல்லுங்க."

மௌலவி முதலில் என்னைப் பார்த்து, அந்தப் பூட்டைப் பற்றி மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டார். யார் திறக்கலாம், யார் மூடலாம், பிள்ளையால் அதை எடுத்துவிட முடியுமா என்று. சொன்னேன். பிறகு ஹாஜியாரின் பக்கம் திரும்பினார்.

"ஹாஜியார், ஸகாத் எண்டா எடுக்கிறவர்ட கையில முழுசாச் சொந்தமாகணும். அவர் வெச்சிருக்கலாம், விக்கலாம், ஆருக்கும் குடுக்கலாம். நாம கேக்க ஏலாது. ஒரு கையால குடுத்துப்போட்டு மத்தக் கையால புடிச்சிக்கிட்டு இருந்தா அது குடுத்ததாகுமா? இப்பிடிக் குடுத்தா அந்த ஸகாத் நிறைவேறுமா எண்டு எனக்குப் பயமா இரிக்கி."

ஹாஜியார் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். இவ்வளவு நேரமும் நான் சொன்ன திரை, மென்பொருள், பொறியியல் எதுவும் அவரை அசைக்கவில்லை. இது அசைத்துவிட்டது. கடை கடையாக ஏறி அவர் வாங்கின ஸகாத். கொடுத்தவர்கள் தங்கள் கடமை முடிந்ததென்று நிம்மதியாக இருக்கிறார்கள். அது நிறைவேறாவிட்டால் மறுமையில் யாரைப் பிடிப்பார்கள்? எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமும் போகவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பு நாசமாகிறது என்று சொன்னபோது அசையாத மனுசர் இவர்.

"பூட்ட எடுக்க ஏலுமா டீச்சர்?" என்றார்.

"எடுக்கலாம். உங்கட பக்கத்துல இரிந்து, போட்ட ஆள்தான் எடுக்கணும்."

விற்பனைக்காரருக்குப் போன் போனது. அவர் முதலில் மழுப்பினார். இந்தக் கட்டுப்பாட்டுக்கென்று தனியாகக் காசு வாங்கியிருந்தார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்று பயங்காட்டி விற்றிருக்கிறார். இப்படிப்பட்ட ஆட்களை நீங்கள் நிறையக் காண்பீர்கள். நன்றாக உடுத்தி, இனிமையாகக் கதைத்து, வாங்குகிறவரின் பயத்தைப் பார்த்துப் பார்த்து விற்பார்கள். ஹாஜியார் இரும்புக்கடைக் குரலில் இரண்டு வார்த்தை சொன்ன பிறகுதான் அந்த ஆள் வழிக்கு வந்தார். விற்பனைக்காரர் தன் பக்கத்தில் பூட்டை விடுவித்துக் கொடுக்க, நானும் ஹஸ்னாவும் பெட்டி பெட்டியாகத் திறந்து, ஒவ்வொன்றையும் அழித்துப் புதிதாக்கி வைத்தோம். பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்லும்போது கடைசிப் பெட்டியை மூடினோம். அந்த வரி எதிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. மைக் என் கைக்கு வந்தபோது ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. பொய் சொல்லவும் மாட்டேன், அவரைச் சந்தியில் நிறுத்தவும் மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். "இது எழுத, படிக்க, இணையத்தில் வகுப்புப் பார்க்க நல்ல லெப்டொப். வரைபடம் கீறுவது போன்ற பெரிய வேலைகளுக்குச் சரிவராது. இன்றிலிருந்து இது பிள்ளைகளின் சொந்தச் சாமான், அவர்களுக்கு எப்படிப் பிரயோசனமோ அப்படிச் செய்துகொள்ளலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். பெரிய மனுசர் கை தட்டினார். அவர் கேட்டாரா என்று தெரியாது. ஒவ்வொரு பிள்ளையையும் பெட்டியோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் மறுநாளே முகநூலில் வந்துவிட்டன. பிள்ளைகளிடம் கேட்டுவிட்டா போட்டார்கள்? அதற்கும் யாரும் கேட்கவில்லை.

ஹஸ்னாவின் லெப்டொப்பை வாங்கினது சாய்ந்தமருதில் ஒரு மௌலவியா, மார்க்கம் படித்த பெண். வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களின் பிள்ளைகளுக்கு வீடியோவில் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவர். அவருடைய பழைய லெப்டொப், பாதி வகுப்பில் சூடாகி நின்றுவிடும். இந்த லேசான லெப்டொப் வாங்கலாமா என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன வேலைக்கு என்று அவர் சொல்லிக் கேட்டிருந்தபடியால், கண்ணை மூடிக்கொண்டு ஓம் என்றேன். அவருக்கு அது தங்கம். வந்த சல்லிக்குப் பசாரில் பழைய லெப்டொப் விற்கிற கடையில் ஹஸ்னாவுக்கு ஒன்று தேடினோம். தடிப்பான, கனமான, சார்ஜரே ஒரு செங்கல் அளவில் இருக்கிற சாமான். குறைந்த கொஞ்சத்தை வாப்பா கரைவலைப் பங்கு வந்ததும் கொடுத்தார். அந்த மென்பொருளைப் போட்டு, ஒரு சுவரைக் கீறிக் காட்டினாள். அன்று நான் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

ஊர் தூங்கவில்லை. ஸகாத் லெப்டொப்பை விற்றுத் தின்றுவிட்டாள் என்று கதை பரவியது. அவள் தின்றதை யாரும் பார்க்கவில்லை. மாற்றி வாங்கினதையும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. அவளுடைய உம்மா கடைத்தெருவில் தலை குனிந்து போனாள். என்ன அநியாயம் இது? ஏழைக்குக் கொடுத்தால், அவள் அதை வைத்து என்ன செய்கிறாள் என்று சாகும் வரை கணக்குக் கேட்க நமக்கு யார் உரிமை தந்தது?

அடுத்த கிழமை ஹாஜியார் போன் எடுத்தார்.

"டீச்சர், அந்தப் புள்ள வித்துட்டாளாமே."

"ஓம். வாங்கின ஆளக் காட்டிக் குடுத்ததே நான்தான்."

"சனம் என்ன கதைக்கும்? நாங்க குடுத்த சாமானெல்லோ."

"குடுத்திட்டீங்கதானே ஹாஜியார். குடுத்தா மறுகா அது உங்கட சாமான் இல்ல. இத நீங்க அந்தக் கதைக்கிற சனத்துக்கிட்டச் சொல்லணும். நான் சொன்னா எடுபடாது."

பின்னால் கடையில் தகரம் இறக்குகிற சத்தம் கேட்டது.

"சொல்றன்," என்றார். பிறகு குரல் இறங்கியது. "அப்ப மத்தப் புள்ளையளுக்கு? அவங்களுக்காவது அது சரிவருதா டீச்சர்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? அவங்கக்கிட்டக் கேளுங்க."

"கேக்கத்தான் வேணும். நம்பரெல்லாம் அனுப்புங்களன்."

"என்னட்ட ஹஸ்னாட நம்பர் மட்டும்தான் இரிக்கி. குடுத்தது நீங்க. உங்கக்கிட்ட இல்லியா?"

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, பெயர்களை வாய்விட்டு வாசித்து அவர் தேடுவது எனக்குக் கேட்டது. விற்பனைக்காரரின் நம்பர் இருந்தது. பெனர் அடித்தவரின் நம்பர் இருந்தது. வந்த பெரிய மனுசரின் நம்பரும் அவருடைய உதவியாளரின் நம்பரும் இருந்தன. கடைசியில் போன் காதுக்குத் திரும்ப வந்தது.

"படமெல்லாம் இரிக்கி, டீச்சர்," என்றார். "நம்பர் ஒண்டும் இல்ல."